பிரியாவிடைக்காரரின் வீடு

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'பிரியாவிடை' என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவே அவர் கடை. இரண்டு நகலெடுக்கும் இயந்திரம், ஒரு கணினி, ஒரு லாமினேஷன் பெட்டி. விண்ணப்பம் நிரப்பித் தருவார். புகைப்படம் வெட்டி ஒட்டித் தருவார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தருவார். இதெல்லாம் யோக்கியமான வேலை. இதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவர் உரையும் எழுதினார். பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடக்கிற விடைபெறும் விழாவில் பெரியவர்கள் மேடையேறி அறிவுரை சொல்வார்களே, அந்த உரை. தலைமையாசிரியை பேசுவது, சிறப்பு விருந்தினர் பேசுவது, பெற்றோர் சார்பாக ஒருவர் பேசுவது, கடைசியில் ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்வது, எல்லாம் அந்தக் கடையில் அச்சானவைதான். சுற்றுவட்டாரத்தில் ஏழு பள்ளிகள். இருபத்திரண்டு வருடம்.

இத்தனை வருடத்தில் அவர் எழுதியது மொத்தம் மூன்று உரை. பறவை, கப்பல், விதை. பறவை உரை, 'கூட்டை விட்டுக் கிளம்பும் பறவைகளே, திரும்பிப் பார்க்காதீர்கள், வானம் உங்களுடையது' என்று ஆரம்பிக்கும். கப்பல் உரையில், அலைக்குப் பயந்து கரையில் நின்ற கப்பல் துருப்பிடித்துச் சாகும். விதை உரையில், பானைக்குள் பத்திரமாகக் கிடக்கிற விதை பானையோடு போகும், மண்ணில் விழுந்ததுதான் மரமாகும். ஒரே மேடையில் ஒருவருக்குப் பறவை என்றால் அடுத்தவருக்குக் கப்பல்; மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதே இடத்துக்கு அதே உரை திரும்பி வரும். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. விழாவில் முன்வரிசையில் இருப்பவர்கள் தூங்குவார்கள், பின்வரிசையில் இருப்பவர்கள் பேசுவார்கள், நடுவில் இருப்பவர்களுக்குப் பசிக்கும்.

கல்லூரியைப் பற்றி இத்தனை சொன்ன மனிதர் ஒரு கல்லூரிக்குள்ளும் கால் வைத்ததில்லை. பள்ளி முடித்த மாதமே அவருடைய அப்பா கடையில் உட்கார வைத்துவிட்டார். அதை என்னிடம் அவரே சொன்னார், இரக்கப்படுவேன் என்று எதிர்பார்த்துச் சொன்னார். இரக்கப்பட்டிருக்கலாம். அதே காரியத்தைத் தன் மகளுக்குச் செய்யத் தயாராக அவர் உட்கார்ந்திருக்காவிட்டால்.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. கதவைத் திறந்தால் சூடான காகித வாசனை போய்க் கிருமிநாசினி வாசனை வரும். கூடத்தில் கட்டில், கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியது. கட்டிலில் அவர் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால், கடைப் பரணில் இருந்த பேப்பர் கட்டை எடுக்க முக்காலி மேல் ஏறி, சறுக்கி, கழுத்து அடிபட்டவள். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையில் ஒரு ஸ்பூனைப் பிடிக்கிற அளவுக்கு வலு. நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. விழுவதற்கு முன்னால் கடையை நடத்தியவளும் அவள்தான். வாடிக்கையாளரை அதட்டுவது, மை தீர்ந்தால் மாற்றுவது, கணவருக்கு அது எங்கே இது எங்கே என்று எடுத்துக் கொடுப்பது, எல்லாம்.

மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் படக் கூடாது. விரிப்பில் சுருக்கம் கூடாது. தவறினால் படுக்கைப் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது. பிரியாவிடைக்காரர் அந்தத் தாளை லாமினேட் செய்து கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டினார். தன் பங்கு அதோடு முடிந்தது என்று நிஜமாகவே நினைத்தார்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் நான்; அந்த வீட்டுக்குத் தினமும் காலை எட்டிலிருந்து பத்து வரை போவேன். குளிப்பாட்டி, துணி மாற்றி, வயிறு சுத்தம் செய்து, கைகால்களை மடக்கி நீட்டி, பத்து மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்புவேன். மிச்ச இருபத்திரண்டு மணி நேரமும் மகள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஒரே காலையில் என்னிடம் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் நாலு கட்டிடம் தள்ளித்தான் இருந்தது. இடைவேளை மணி அடித்தால் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும். இவள் வீட்டுக்கு ஓடி வருவாள், அம்மாவைத் திருப்புவாள், மூச்சு வாங்கத் திரும்பி ஓடுவாள். இரவில் அலாரம். இரண்டு வருடத்தில் அவள் அம்மாவின் முதுகில் ஒரு சிவப்புத் தடம் நான் பார்த்ததில்லை. பெரிய மருத்துவமனைகளில் இதைச் சாதிக்கத் திணறுகிறார்கள்.

இதற்கு நடுவே கடைக் கணினியில் தட்டச்சு செய்வதும் அவள்தான். பறவையும் கப்பலும் விதையும் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போயின.

இந்த வருடம் அவளும் பள்ளியை முடித்தாள். ஒன்பது மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற ஒரு கல்லூரியில் நிலவியல் படிக்க இடம் கிடைத்தது.

"நிலவியல்னா என்னடி?" என்று அம்மா கேட்டாள்.

"பாறை, மண்ணு, மலை எப்படி உண்டாச்சு, அதெல்லாம்."

"பாறையப் பத்திப் படிக்க எதுக்கு ஒம்பது மணி நேரம் போகணும்? கதவத் திறந்து கடையில உக்காந்திருக்கிறத பாரு."

கடையில் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்காத மாதிரி இயந்திரத்தை ஓட்டியது.

சேர்வதற்குச் சம்மதம் தெரிவிக்கும் படிவம் ஒன்று வந்திருந்தது. அடியில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். மகள் அதை நிரப்பி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பழக்க தோஷத்தில் தன் கையெழுத்துக்குத் தானே ஒரு பென்சில் புள்ளியும் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் வரவில்லை.

அவள் கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம்மா, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு" என்பார். முடியாது என்று சொல்கிற தைரியம் இல்லை. போ என்று சொல்கிற மனமும் இல்லை. இந்த ரகத்தை நான் நோயாளிகள் இருக்கிற வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்தில் கவலையை வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். நாள் முடிந்ததும், 'அடடா, நேரம் ஆயிடுச்சே' என்பார்கள்.

ஒரு நாள் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"சிஸ்டர், நீங்க அனுபவசாலி. நீங்க சொன்னா அவ கேப்பா. இந்த வருஷம் போகாட்டி என்ன? அடுத்த வருஷம் சேரலாம். இல்லேன்னா தபால்ல படிக்கலாம்."

"பாறையத் தபால்ல அனுப்புவாங்களா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க சிஸ்டர். வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாததா? அவ போயிட்டா இவள யாரு பாக்கிறது?"

"நீங்க என்ன, இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் கண்ணாடி அழுக்காகிவிடும்.

அந்தக் கடைசி வாரத்தின் திங்கட்கிழமை, பக்கத்துப் பள்ளியில் விடைபெறும் விழா. மகளும் விடைபெறுகிறவர்களில் ஒருத்தி. அன்று காலை அவள் கல்லூரிக்கு வேண்டிய உடல் தகுதிச் சான்றிதழ் வாங்க அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தாள். வரிசையில் நின்று, நேராக விழாவுக்குப் போனாள். அன்றைக்கு மட்டும் எதிர்வீட்டுத் தையல்கார அம்மாவைக் கெஞ்சி அம்மாவைத் திருப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனாள். கடைக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. உரைகளை எடுத்துக் கொடுக்கிற வேலை அப்பா தலையில் விழுந்தது.

எந்தப் பள்ளிக்கு எந்த வருடம் எந்த உரை போனது, அதே மேடையில் வேறு யார் பேசுகிறார்கள் என்றெல்லாம் மகள் ஒரு தாளில் குறித்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை நான் போனபோது அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு என்றால், அம்மாவுக்கு மூச்சு முட்டி நான் தலையணையை உயர்த்த வேண்டி வந்தது.

"பெரியம்மா, கேளுங்க" என்றாள் மகள் என்னிடம். "ஹெச்.எம். முதல்ல எந்திரிச்சாங்க. கூட்டை விட்டுக் கிளம்பும் பறவைகளேன்னாங்க. சரி, பறவை வருஷம்னு நான் நெனச்சேன். பத்து நிமிஷம் பறவை. உக்காந்தாங்க. அப்புறம் சிறப்பு விருந்தினர். பேங்க்ல பெரிய ஆளா இருந்து ரிட்டயர் ஆனவர். கோட்டு வேற போட்டிருந்தார். எந்திரிச்சு, தண்ணி குடிச்சு, காகிதத்தப் பிரிச்சு..."

"சொல்லு, சொல்லு" என்றாள் அம்மா, ஏற்கெனவே நாலு தடவை கேட்டவள்.

"கூட்டை விட்டுக் கிளம்பும் பறவைகளே!"

"ஐயோ!"

"பசங்களுக்கு முதல்ல புரியல. ரெண்டாவது பத்தி வந்ததும் பின்னாடி வரிசையில ஒருத்தன் கீச்சு கீச்சுன்னான். அவருக்காவது நிறுத்தத் தெரியணுமே? தெரியல. காகிதத்த விட்டுக் கண்ண எடுக்கவே இல்ல. 'திரும்பிப் பார்க்காதீர்கள்'னு அவர் சொல்றதுக்கு முன்னாடியே மொத்த ஹாலும் சேந்து சொல்லுச்சு பெரியம்மா. அவர் பாராட்டுன்னு நெனச்சுக் கையத் தூக்கிக் கும்பிட்டார்."

"ஹெச்.எம்.?"

"மூஞ்சி சுண்டிப் போச்சு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கடைப் பக்கம் தலைமையாசிரியையின் குரல் கேட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் நின்று திட்டினார். கதவு திறந்துதான் இருந்தது, ஒரு வார்த்தையும் வீணாகவில்லை.

"ஏங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பறவையா? ஒண்ணு காக்கா, ஒண்ணு குருவின்னாவது மாத்தக் கூடாதா? ஒரே மேடையில ஒரே காகிதத்த ரெண்டு பேர் வாசிச்சா எங்க மானம் என்ன ஆகும்? சின்னப் புள்ளைங்க என்னப் பாத்து இறக்கை அடிச்சுக் காட்டுதுங்க."

அவர் போனதும் பிரியாவிடைக்காரர் உள்ளே வந்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, முகத்தில் ஒரு தெளிவு. காரணம் கிடைத்துவிட்டது.

"பாத்தியாம்மா? ஒரு நாள். ஒரே ஒரு நாள் நீ இல்ல. இருபத்திரண்டு வருஷப் பேரு போச்சு. இனிமே எப்படி உன்ன அனுப்பறது? இந்த வீடும் கடையும் நீ இல்லாம ஓடாது. அந்தக் கையெழுத்து வேண்டாம்மா. நானே அந்தக் காலேஜுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுடறேன். நல்ல விதமா எழுதறேன்."

"உங்க தப்புக்கு அவளுக்குத் தண்டனையா?" என்றாள் மனைவி.

"தண்டனைன்னு ஏன் சொல்ற? பெத்தவளப் பாக்கிறது கடமை."

"ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க? ஊரான் புள்ளைய எல்லாம் திரும்பிப் பாக்காதேன்னு விரட்டுவீங்க. சொந்தப் புள்ளைக்கு இறக்கைய வெட்டுவீங்க."

அவர் கடைக்குப் போய்விட்டார். மகள் சுவரோரமாக நின்று, "விடும்மா. நான் போகல" என்றாள். அழவில்லை. பழகிப்போன குரலில் சொன்னாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு வயதில் அந்தக் குரல் வரக் கூடாது.

அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"அக்கா, நீங்க காலைல வந்து பண்றதப் பண்ணுங்க. மத்த நேரத்துல இவ இனிமே என்னத் தொடக் கூடாது. எதிர்வீட்டு அம்மாவும் வேண்டாம். அவர் வந்து திருப்பட்டும்."

"அவர் திருப்ப மாட்டார்" என்றேன்.

"அப்ப இப்படியே கிடக்கிறேன்."

"புண்ணு வரும்."

"வரட்டும். எனக்குத்தான் வலிக்காதே."

மகள் கட்டில் பக்கம் வந்தாள். "கை வச்சே, கடிச்சிருவேன்" என்றாள் அம்மா. கடித்திருப்பாள்.

நான் இதை அனுமதித்திருக்கக் கூடாது. எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தில் இதற்கு இடமே இல்லை. நோயாளி அடம் பிடித்தால் வீட்டாரிடம் பேசிச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. வீட்டார்தான் வியாதி என்றால் என்ன செய்வது என்று அதில் இல்லை. பத்து மணிக்கு அவளை வலது பக்கமாகப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாராம். லாமினேட் செய்த தாளை வாசித்தாராம். கடையில் ஆள் கூப்பிடுகிறது என்று போய்விட்டாராம். மூன்று மணிக்கு ஒரு தடவை தோளை மட்டும் பிடித்து இழுத்துப் பார்த்தாராம். ராத்திரியெல்லாம் மகள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள், அம்மா கிட்டே விடவில்லை. விடியும் நேரத்தில் அவர் எப்படியோ உருட்டி மல்லாக்கப் போட்டிருக்கிறார்.

புதன்கிழமை காலை நான் போர்வையை விலக்கியபோது, வலது இடுப்பு எலும்பின் மேல் பாட்டில் மூடி அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன். நல்ல தோல் என்றால் அழுத்தின இடம் வெளுத்து, விட்டதும் சிவக்கும். இது வெளுக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு நாள் விட்டால் தோல் திறந்துகொள்ளும்.

கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன். மேசைக்கு முன்னால் ஐந்து பேர்.

"உள்ள வாங்க."

"சிஸ்டர், ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களால நிக்க முடியுது."

வந்தார். இடுப்பைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோவாயைப் பிடித்துத் திருப்பினேன். ஐம்பது வயது ஆள், திருப்பினால் திரும்பத்தான் செய்தது.

"இது நீங்க போட்டது" என்றேன். "நல்லாப் பாருங்க."

"எனக்குப் பயம் சிஸ்டர். எங்கயாவது பிடிச்சு, ஏதாவது உடைஞ்சுடுமோன்னு..."

"உடைய வேண்டியதெல்லாம் உடைஞ்சாச்சு" என்றாள் மனைவி. "தைரியமாப் பிடிங்க."

பயம் என்றால் எனக்கு இளக்காரம் இல்லை. பயப்படுகிறவர்கள் பயந்துகொண்டே திருப்புவார்கள். பயத்தைக் காரணமாகச் சொல்லி இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் திருப்ப விடுகிறவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். இங்கே எழுதவில்லை.

சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். அந்தப் பக்கத்துக் கையை முதலில் விலக்கி வையுங்கள், இல்லையென்றால் உடம்புக்கு அடியில் மாட்டும். எட்ட இருக்கிற முழங்காலை மடக்குங்கள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்காதீர்கள், தோல் உரியும். மொத்தமாக உங்களை நோக்கி உருட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை. முழங்கால்களுக்கு நடுவே தலையணை. பொடிப் பிள்ளைக்குச் சொல்வது போல மூன்று தடவை சொன்னேன்.

பேப்பர் கட்டைத் தூக்குவது போலக் குனிந்து அள்ளினார். பாதியில் விட்டுவிட்டார்.

"ஏங்க, நான் என்ன ஏ-ஃபோர் பேப்பரா?" என்றாள் அவள். "எண்ணிப் பாத்து அடுக்கறீங்க?"

மகள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். கடைப் பக்கம் யாரோ கனைத்தார்கள். இரண்டாவது தடவை உருட்டினார். அவள் திரும்பினாள். அவர் சட்டை நனைந்துவிட்டது. முந்தின நாள் இழுத்ததையும் உருட்டினதையும் விட்டால், இரண்டு வருடத்தில் அவர் மனைவியைத் தொட்டது அன்றைக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு முன்பே தெரியும். "கை சில்லுனு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவள் கழுத்தில் பட்ட விரலைச் சொன்னாள்.

புதனும் வியாழனும் அவரே செய்தார். மோசமாகச் செய்தார். விரிப்பு சுருங்கிக் கிடந்தது. குதிகாலுக்குத் தலையணை வைக்க மறந்தார். ஒரு தடவை மலஜலம் எடுக்கிற பேசினில் இருந்ததைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி கொல்லைப்புறக் குழாயடியில் அரை மணி நேரம் நின்றாராம். ஆனால் செய்தார். சிவப்பு பரவவில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் விரலை வைத்து அழுத்தியபோது கொஞ்சம் வெளுத்தது. தப்பித்தோம்.

அன்றுதான் கடைசி நாள். படிவம் இன்னும் கண்ணாடிக்கு அடியில். நான் கை மடக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அவரைக் கூப்பிட்டாள். வந்து நின்றார். இரண்டு நாள் தூக்கம் இல்லாத முகம்.

"ஒரு கணக்குக் கேக்கறேன், பதில் சொல்லுங்க. அவ வீட்ல இருந்தா உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபமா? என்ன பேச்சு இது?"

"சொல்லுங்களேன். என்னத் திருப்புவாளா? விட மாட்டேன். சாகிற வரைக்கும் விட மாட்டேன். அவ இருந்தாலும் நீங்கதான், போனாலும் நீங்கதான். பேசின் தூக்கறதும் நீங்கதான், ராத்திரி எந்திரிக்கிறதும் நீங்கதான். அப்புறம் எதுக்கு அவ?"

"கடை..."

"கடைக்கு ஒரு இழுப்பறை இருக்கு. அதுல ஒரு தாள் இருக்கு. எடுத்துப் படிக்கத் தெரியும்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கச் சட்டையில் உலர்ந்த இடம் தேடினார். கிடைக்கவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மேசைக் கண்ணாடி நகரும் சத்தம் கேட்டது.

மனம் மாறினார் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தாராளம். மகளை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே காரணத்தை அவர் மனைவி பிடுங்கி எறிந்துவிட்டாள். காரணம் இல்லாமல் ஒரு பெண்ணைப் பிடித்து வைக்கிற அளவுக்கு அவர் துஷ்டர் இல்லை. சோம்பேறி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அந்த வித்தியாசத்தில்தான் அந்தப் பெண் தப்பினாள். கையெழுத்துப் போட்டு, படிவத்தைத் தானே ஸ்கேன் செய்து அனுப்பினார். தலைகீழாக அனுப்பினார். மகள் அதை நேராகத் திருப்பி மறுபடி அனுப்பினாள்.

நான் சுகாதார நிலையத்தில் போய்ச் சண்டை போட்டு ஒரு காற்று மெத்தை வாங்கி வந்தேன். அதில் படுத்தால் இரவில் இரண்டு தடவை எழுந்தால் போதும். மத்தியானம் ஒரு முறை எதிர்வீட்டுத் தையல்கார அம்மா வருவாள்; மகள் இல்லாத வீட்டில் அவள் வருவதற்கு அம்மா ஆட்சேபிக்கவில்லை. மற்றதெல்லாம் அவர். மூன்று வாரம் மகள் கண்ணெதிரிலேயே பழகினார். அவள் வாசலில் நின்று சொல்லுவாள், அவர் செய்வார், அம்மா வைவாள்.

அவள் கிளம்பும் நாள் வந்தது. பதினொன்றரை மணிப் பஸ். காலையில் நான் போனபோது அவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். பையில் மடித்த காகிதம். நாலு பக்கம். எட்டிப் பார்த்தேன், பறவையும் இருந்தது, விதையும் இருந்தது, கப்பல் ஒரு வரி. பஸ் நிலையத்தில் வைத்து மகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறாராம். எதிர்வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார். தையல்கார அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

"சிஸ்டர், இன்னைக்கு மட்டும் ஒரு ரெண்டு மணி நேரம் கூட இருங்க. பன்னெண்டு மணிக்குத் திருப்பணும். நான் வர லேட் ஆகும்."

"எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு ஆள் இருக்கார். பன்னெண்டு மணிக்கு அவரக் குளிப்பாட்டணும். வழியில உங்க பொண்ண ஏத்தி விட்டுட்டுப் போறேன்."

"ஒரே ஒரு நாள்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கட்டிலைப் பார்த்தார். "ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போனா என்ன ஆயிடும்?" என்று பொதுவாகக் கேட்டார். அவளும் பதில் சொல்லவில்லை. மகள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை. மூன்று பெண்கள் பேசாமல் இருந்தால் எந்த ஆண்பிள்ளைக்கும் பதில் விளங்கிவிடும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அம்மாவும் மகளும் எப்படி விடைபெற்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. வாசலில் நின்றேன். அது அவர்கள் விஷயம்.

பஸ் நிலையத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை மேலே வைத்தோம். கைபேசி அடித்தது. "அப்பா" என்றாள், முகம் இறுகியது. நாலு பக்கத்தையும் போனில் வாசிக்கப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் குரல் ஜன்னலுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"ஏம்மா, அந்த ரப்பர் ஷீட்டு எங்க இருக்கு?"

"பீரோவுல கீழ்த் தட்டுல, நீலத் துணிக்கு அடியில. ஏம்ப்பா?"

"நனைஞ்சு போச்சு. எல்லாம் நனைஞ்சு போச்சு."

"பதறாதீங்க. அம்மாவ உங்க பக்கம் திருப்பிக்கங்க. பழச அப்படியே சுருட்டி முதுகுக்கு அடியில தள்ளுங்க. புதுசப் பாதி விரிச்சு..."

"தெரியும், தெரியும். கிடைச்சிருச்சு." பின்னால் அம்மா எதையோ சொல்லி வைதாள். "சரி, போனை வை. எனக்குக் கை ஒழியல."

வைத்துவிட்டார். அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடத்துனர் விசில் அடித்தார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன், எல்லாம் கேட்டிருந்தும்.

"வைக்கச் சொல்லிட்டார் பெரியம்மா" என்றாள்.

பஸ் புறப்பட்டது. நான் சாலையைக் கடந்தேன். என் ஆள் குளிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.